அப்பன் பெயர் கேட்காத கூட்டம்

அன்பு மகன் மானேஸுக்கு அம்மா எழுதுவது. சாமிகள் தயவில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எங்கள் நலம் முழு நலமாகும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குடத்தை எடுத்துக்கொண்டு நீர்மண்டபத்துக்குப் போகிற சாக்கில் பக்கத்திலிருக்கும் ஹெராக்ளிஸ் கோயில் முற்றத்தைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் தண்ணீர் இருந்தது. நேற்று அங்கே ஊர்க்கூட்டம் நடந்தது, ஆண்கள் கூடி முடிவெடுத்த இடம் ஆள் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. பார்க்க ஒன்றுமில்லை. வெங்காயத் தோலும் ஆலிவ் கொட்டையும் கிடந்தன, யாரோ அறுந்த செருப்பு வாரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இதைத் தின்றுகொண்டும் இப்படி உட்கார்ந்துகொண்டும்தான் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காரியத்தைப் பற்றி உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் உன் பெயரும் இருக்கிறது. ஆனால் முதலில் வீட்டு விஷயம். உன் தங்கை பிலின்னாவுக்கு இது ஏழாம் மாதம், ஃபலேரோன் துறைமுகத்தில் கடற்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது, கால் மட்டும் வீங்குகிறது, உப்பு மீனைக் குறை என்றால் கேட்பதில்லை. இந்தக் கடிதத்தை அவள் புருஷன்தான் உங்கள் பக்கம் வருகிற கப்பல்காரரிடம் கொடுக்கப்போகிறார், கூடவே ஒரு கம்பளிப் போர்வையும் காய்ந்த அத்திப்பழமும் வரும். உன் அப்பாவுக்கு வலது தோளில் வலி, எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். போன சூளையில் பாதிக் கலயங்கள் கறுப்பு ஏறாமல் சிவப்பாகவே நின்றுவிட்டன, காற்றை அடைக்கும் நேரம் தவறிவிட்டது. மானேஸ் இருந்திருந்தால் புகை வாசனையிலேயே சொல்லியிருப்பான் என்றார். நீ போன பிறகு உன் பெயரை அவர் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதனால் எழுதுகிறேன்.

நீ கப்பலேறிய காரணம் எனக்கு மறக்கவில்லை. கொடுங்கோலரையும் அவர் குடும்பத்தையும் விரட்டிய கையோடு, யார் ஊரான் யார் வந்தேறி என்று பிரித்தெடுக்கப் பழைய குடும்பத்தார் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி நீ யார் மகன், யார் பேரன் என்று கேட்டார்கள். உன் அப்பா உன் தாத்தா பெயரைச் சொல்லி, மானேஸ் மகன் என்றதும், கடல் கடந்து வந்த லிடியாக்காரன் என்று ஒதுக்கிவிட்டார்கள். இங்கே பிறந்து, இங்கே மண் பிசைந்து, இங்கே தலை நரைத்தவர். ஒதுக்கின ஊரில் இருப்பதைவிட விரட்டப்பட்டவர் போன ஊரில் இருக்கலாம் என்று நீ சிகேயோனுக்குப் போய்விட்டாய். அங்கே அந்தக் கொடுங்கோலர்தான் இப்போது குடியேறி ஆள்கிறார் என்று தெரிந்தே போனாய். அப்பா வாசல்வரைகூட வரவில்லை.

அதன்பின் இங்கே நடந்ததைக் கப்பல்காரர்கள் உனக்கு எப்படிச் சொன்னார்களோ தெரியவில்லை. விரட்டியவர்களுக்குள்ளேயே இரண்டு பெரிய குடும்பங்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டன. ஒருவர் ஸ்பார்த்தாவிலிருந்து படையைக் கூப்பிட்டார், மற்றவர் நாட்டைவிட்டு வெளியேறினார். படைக்காரர்கள் வந்து நம் ஆலோசனைச் சபையைக் கலைக்கப் பார்த்தார்கள், சபை கலைய மறுத்தது, அவர்கள் கோட்டைக் குன்றில் ஏறிக்கொண்டார்கள். அப்போது நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. முரசு கொட்டவில்லை, தலைவர் என்று ஒருவரும் இல்லை, தலைவராகியிருக்கக் கூடியவரும் நாட்டுக்கு வெளியே இருந்தார். சனம் தானாகப் போய்க் குன்றைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. உன் அப்பாவும் போனார். ஊரான் இல்லை என்று ஒதுக்கியவர்களுக்காக நீங்கள் எதற்குப் போகவேண்டும், யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "யாரும் யாரையும் கூப்புடலடி, அதான் போறேன்" என்றார். நானும் பக்கத்து வீட்டு மிக்காவும் பார்லி ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஸ்பார்த்தாக்காரர்கள் சமாதானம் பேசி இறங்கிப் போனார்கள். வெளியே இருந்தவர் திரும்பி வந்தார், அவரோடு புது விதி வந்தது.

ஒரு பானையைப் பார்த்தால் அது சக்கரத்தில் எப்படி எழும்பியிருக்கும் என்று பின்னோக்கி யோசிப்பது என் வழக்கம், நீயும் கேலி செய்வாய். இந்த விதியையும் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ராஜா இருந்தாராம். பிறகு பெரிய குடும்பத்தார் ராஜாவின் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஆயுளுக்கும் என்று இருந்தது பத்து வருஷமாகி, ஒரு வருஷமாகிவிட்டது. இன்றும் பலி கொடுக்கிற அதிகாரிக்கு ராஜா என்று பெயர் இருக்கிறதே, அது மட்டும்தான் மிச்சம், குடம் உடைந்து கைப்பிடி மட்டும் கையில் இருப்பது மாதிரி. அப்புறம் விதிகளை மனசில் வைத்திருந்த பெரியவர்களிடமிருந்து பிடுங்கிப் பலகையில் எழுதினார்கள். சோலோன் வைத்த விதிப் பலகைகளில் மங்கிய எழுத்தை மறுபடி வெட்ட என் அப்பா போவார், என்னையும் கூட்டிப்போவார், எனக்கு எழுத்து வந்தது அங்கேதான். பலகையைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்கவேண்டும். ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் அவனே வந்து கேட்கவேண்டும் என்பதில்லை, விரும்புகிற யாரும் அவனுக்காகக் கேட்கலாம் என்று ஒரு இடத்தில் இருந்தது. விரும்புகிற யாரும் என்றால் யார் யார் என்று அப்பாவைக் கேட்டேன். "வெட்டுற வேலைதான் நமக்கு, கேள்வி நமக்கில்ல" என்றார். அந்தச் சோலோன் காலத்தில்தான் கைத்தொழில் தெரிந்தவன் குடும்பத்தோடு வந்து குடியேறினால் அவனும் ஊரான்தான் என்றார்கள், அந்த விதியை நம்பித்தான் உன் தாத்தா மானேஸ் லிடியாவிலிருந்து வந்தார்.

பிறகு கொடுங்கோலர்கள் காலம். மூத்தவர், அதாவது இப்போது சிகேயோனில் இருப்பவரின் அப்பா, முதல் தடவை ஊருக்குள் திரும்பி வந்தது ஒரு உயரமான பெண்ணுக்குக் கவசம் மாட்டித் தேரில் நிறுத்தி, ஆத்தேனா தேவியே தன்னை அழைத்து வருகிறாள் என்று சொல்லித்தான். மிக்காவின் மாமியார் அதை நேரில் பார்த்தாராம். ஊரே விழுந்து கும்பிட்டபோது அவர் மட்டும் "தேவிக்கு ஏன் குதிகால் வெடிச்சிருக்கு?" என்று கேட்டாராம், புருஷன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாராம். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, அந்த மூத்தவர் காலத்தில் குடியானவனுக்கு விதைக்கக் கிடைத்தது, அவர் குடும்பம் கட்டிய நீர்மண்டபத்தில்தான் இன்றும் நாங்கள் தண்ணீர் பிடிக்கிறோம். மிக்கா சொல்வாள், "தண்ணி நல்லாத்தான் குடுத்தாங்க அக்கா, குடிக்கத் தவிர வேற எதுக்கும் வாயத் தொறக்க வேணாம்னாங்க." நீ இப்போது அவர்கள் ஊரில் இருக்கிறாய். அங்கேயும் தண்ணீர் நன்றாக இருக்கிறதா?

இப்போது வந்திருப்பதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சிலர் சமவிதி என்கிறார்கள். நான் வேறொன்றை யோசிக்கிறேன். ஊர் என்றால் தெருவும் வீடும், ஊர் என்றால் அதில் இருக்கிற சனமும், நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். ஊர் சிரிக்கும் என்போம், ஊர் வாயை மூட முடியாது என்போம். ஊர் ஆளும் என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பழைய நாலு குலங்களையும் விட்டுவிட்டுப் புதிதாகப் பத்துக் குலம் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் கடற்கரை ஊர் கொஞ்சம், மலையடி ஊர் கொஞ்சம், நகரத்து ஊர் கொஞ்சம். மீன்காரனையும் ஆட்டுக்காரனையும் குயவனையும் எதற்காக ஒரே குலமாகக் கட்டுகிறார்கள் என்று மிக்காவுக்குப் புரியவில்லை, "நாத்தத்துல யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாக்கவா?" என்றாள். எனக்குப் புரிகிறது. ஒரே ஆற்று மண்ணில் செய்த பானை சூளையில் பிளக்கும், வேறு மண் கலந்தால் தாங்கும். ஒரு பெரிய குடும்பம் சொன்னால் ஒரு பக்கத்துச் சனம் முழுக்க எழுந்து நிற்பது இனிமேல் கஷ்டம். குலத்துக்கு ஐம்பது பேராக ஐந்நூறு பேர் சபைக்குப் போவார்களாம், அதில் செருப்பு தைக்கிறவரும் இருக்கலாமாம். இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஊர். நமக்குக் கெராமைஸ். ஊரில் இப்போது குடியிருக்கிறவன் எல்லோரும் ஊரான், ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி ஏற்றுக்கொண்டால் போதும். இனிமேல் ஒருவனை இன்னார் மகன் என்று கூப்பிடாமல் இன்ன ஊரான் என்று கூப்பிடவேண்டும். உன் அப்பாவைப் போல அப்பன் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் நிறையப் பேர், அவர்களைச் சங்கடப்படுத்தாமல் உள்ளே எடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பேச்சு.

நேற்று நம் ஊரின் முறை. ஊர்த்தலைவராகக் கூரை ஓடு சுடும் எபிகாரெஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும், நல்ல மனிதர், தும்மினால் தெருக்கோடிவரை கேட்கும். நானும் மிக்காவும் குடத்தை வைத்துக்கொண்டு நீர்மண்டபச் சுவரோரம் நின்றோம், சுவர் தாழ்வு, எல்லாம் கேட்கும். எபிகாரெஸ் முதலிலேயே சொல்லிவிட்டார், "பேரு, ஊரு, அம்புட்டுதான். அப்பன் பேர நானும் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க." சொல்லி என்ன பயன்? முதலில் வந்த மீன்காரர் ஏறி நின்றதும் "நான் கைரியாஸ் மவன்" என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. "அண்ணே, ஒங்கப்பா செத்துப் பல வருஷமாச்சு, அவர நிம்மதியா வுடுங்க" என்றார் எபிகாரெஸ். அடுத்தவரும் அப்படியே. நாக்குக்குப் பழகிவிட்டது, அப்பன் பெயர் வராமல் தன் பெயரே வருவதில்லை. கடைசியில் எபிகாரெஸே "அடுத்து யாரு, நம்ம தீமோன் மவனா, வாப்பா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், அப்புறம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எண்ணெய்ச் செக்கு லீசிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, நானு ஏழு தலைமொற சொல்லுவேன். அதையெல்லாம் எங்க போட்டுட்டு வர்றது?" என்று கேட்டார். "வூட்டுல வச்சுட்டு வாங்கண்ணே, திருட்டுப் போவாது" என்றார் எபிகாரெஸ்.

உன் அப்பாவின் முறை வந்தது. தெல்லியாஸ், கெராமைஸ் என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் நிமிர்ந்து நின்று "மானேஸ் மவன் தெல்லியாஸ்" என்றார். மற்றவர்களைப் போல வாய் தவறிச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. "நான் கேக்கலையே மாமா" என்றார் எபிகாரெஸ் மெதுவாக. "கேக்கலன்னு தெரியும். நானாத்தான் சொல்றேன். ஒளிஞ்சு உள்ள வந்தா நாளைக்கி ஒருத்தன் கண்டுபுடிச்சு வெளிய தள்ளுவான். தெரிஞ்சே கை தூக்குங்க" என்றார். ஒற்றை ஆளாக நாட்டைப் பிடிக்கிறவரைத் தூரன்னோஸ் என்கிறோமே, அந்தச் சொல்லும் லிடியாவிலிருந்து வந்ததுதானாம். அதை வைத்து லீசிஸ் எழுந்து, "லிடியாவுலேர்ந்து ரெண்டு சரக்கு கப்பல்ல வந்துச்சு. ஒண்ணு தூரன்னோஸ், இன்னொண்ணு ஒங்கப்பன்" என்றார். "அந்தச் சரக்க வாங்கிக் கோட்டையில வச்சுக் கும்புட்டது ஒங்க ஆளுங்க. எங்கப்பன் கொண்டாந்த சரக்குலதான் ஒங்க எண்ணெய ஊத்தி வச்சிருக்கீங்க" என்றார் அப்பா. கைகள் எழுந்தன. எண்ணவே தேவைப்படவில்லை. குன்றைச் சுற்றி அவரோடு உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் தூக்கினார்கள், லீசிஸ் மட்டும் மேலாடைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. மிக்கா என் தோளைக் கிள்ளினாள், வலிக்கவில்லை.

அடுத்துத்தான் உன் பெயர். முதல் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அப்பன் பெயரை மறைக்க விதி செய்தவர்கள் இந்த வழக்கத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. உன் அப்பா நினைத்திருந்தால் அவரை மறைத்திருக்கலாம், உனக்கு அவர் உன் பெயராகவே இருக்கிறார். எபிகாரெஸ் "மானேஸ், கெராமைஸ்" என்று வாசித்ததும் லீசிஸ் மறுபடி எழுந்தார். "சந்தையில மானேஸுன்னு கூப்புட்டா பத்து அடிமைங்க திரும்பிப் பாப்பானுங்க. இவன் எந்த அடிமைக்காரி வயித்துல பொறந்தவனோ, யாருக்குத் தெரியும்? அது கெடக்கட்டும், இப்ப எங்க இருக்கான்? நாம தொரத்துனவன் ஊருல, அவன் சோத்தத் தின்னுக்கிட்டு." தண்ணீர் விழ வைத்திருந்த குடம் நிரம்பி வழிந்து காலில் ஓடியபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு நினைவு வந்தது. எபிகாரெஸ்தான் சொன்னார், "ரெண்டு கேள்வியையும் ஒண்ணாக் கட்டாதீங்க. பொறப்பப் பத்தின சந்தேகத்துக்குப் பெத்தவ சாமி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணாப் போதும், அது பழைய வழக்கம். அங்க அவன் யாரு பக்கம்கிறத அவன்தான் வந்து சொல்லணும். வர்ற அமாவாசைக் கூட்டத்துக்குள்ள சத்தியம் வந்துச்சுன்னா அவன் வர்ற வரைக்கும் பேரு நிக்கும். வரலன்னா எடுத்துருவோம்." எடுத்துவிட்டால் நீ எப்போது திரும்பி வந்தாலும் இந்த ஊரில் வெளியாள்தான், அப்பாவின் சூளைகூட உனக்குச் சேராது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நான் போகட்டுமா என்று கேட்டேன். "எம்பொண்டாட்டி யாருக்குப் பெத்தான்னு அந்த லீசிஸ் முன்னாடி நின்னு சொல்லணுமா? அதுக்கு அவன் பேரு போனாப் போவட்டும்" என்றார். பிறகு இரண்டாவது கேள்விக்கு ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். "அவன் மனசு எனக்குத் தெரியாது. தெரியாதத எப்படிச் சொல்றது?" என்றார். இரவு அவர் தூங்கவில்லை, மெழுகிய பானைகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் அப்பன் பெயரை ஊர் நடுவில் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று பார்த்தேன். அதே ஆள் தன் மனைவியை அங்கே நிறுத்தப் பயப்படுகிறார். ஒரே மனிதனுக்குள் புது விதி ஒரு அறையிலும் பழைய விதி அடுத்த அறையிலும் குடியிருக்கிறது, எனக்குள்ளும் அப்படித்தான் இருக்கும், எனக்கு என் அறைகள் தெரிவதில்லை.

உன்னிடம் சில கேள்விகள், கோபமாக எடுத்துக்கொள்ளாதே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சிகேயோனில் கூட்டம் உண்டா? அங்கே யாராவது எழுந்து நின்று அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமா? நீ அவர் வீட்டு விருந்துக்குப் போகிறாயா, வெறும் பானை விற்கிறாயா, அல்லது அவருடைய ஈட்டி உன் கையில் இருக்கிறதா? நம்மை ஒதுக்கியவர்கள்மேல் கோபம் உனக்கு இருக்கும், இருக்கவேண்டியதுதான். ஆனால் ஒதுக்கிய கூட்டம் வேறு, நேற்று கை தூக்கிய கூட்டம் வேறு, முகங்கள் பாதி ஒன்றுதான் என்றாலும். அது எப்படி என்று எனக்கே முழுதாகப் பிடிபடவில்லை. லீசிஸும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார், இனிமேலும் இருப்பார், அவரையும் வைத்துக்கொண்டுதான் ஆளவேண்டும் போலிருக்கிறது.

போர்வையை உப்புக்காற்றில் காயப்போடாதே, கம்பளி விறைத்துவிடும். திராட்சை ரசத்தில் தண்ணீர் கலக்காமல் குடிக்கிறவர்களோடு சேராதே. காலையில் வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, ஒரு பிடி அத்திப்பழமாவது தின்றுவிட்டுப் போ. ஹெர்மெஸ் உனக்கு வழித்துணையாக இருக்கட்டும், வீட்டு அடுப்புத் தெய்வம் உன்னைத் திரும்பி வர வைக்கட்டும், உன் கையில் எடுத்த மண் ஒருபோதும் பிளக்காமல் இருக்கட்டும். இந்தக் கப்பல்காரர் அறுவடைக்கு முன் திரும்புவார், அவரிடம் பதில் கொடுத்தனுப்ப மறக்காதே, பதிலாக நீயே வந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அமாவாசை கடந்திருக்கும், அதனால் உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய வழியில்லை. கூட்டத்தன்று நான் குடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். பலிபீடத்தில் கை வைத்து, இவனைப் பெற்றவள் நான், தெல்லியாஸுக்குப் பெற்றேன், இந்தத் தெருவில் பெற்றேன் என்று லீசிஸுக்கும் கேட்கிறமாதிரி சொல்வேன். பொய்யானால் சாபம் பிள்ளையின் தலைக்கு என்பது வழக்கம், உண்மை என்பதால் உன் தலையை நம்பிக்கையோடு பணயம் வைக்கிறேன். அப்பா ஒரு சூளை எரிந்து ஆறும்வரை என்னோடு பேசமாட்டார், பரவாயில்லை. நீ கொடுங்கோலரின் ஆள் இல்லை என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன். யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது, அவன் வந்து சொல்வான் என்பேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை, மிக்காவிடமும் சொல்லவில்லை. நான் யார் என்று எபிகாரெஸ் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், இன்னார் மகள், இன்னார் மனைவி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம், புது விதியில் பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதி முடிக்கும்போது அதுவும் முடிவாகிவிட்டது.

உன் அம்மா,
கெராமைஸ் திமாரெதே